சீக்கிரம் விட்டுவிடும் மோடம்

கடைக்காரர் அந்த மோடத்தை எடுத்து வைத்தபோது, நின்றபடியே தூங்கிவிடலாம் போலிருந்தது எனக்கு. காலையிலிருந்து நான்காவது கடை. ஒன்றரை மணி நேரத்தில் வந்துவிடுவேன் என்று அக்காவிடம் சொல்லிவிட்டு வந்து, இரண்டரை மணி நேரம் ஆகியிருந்தது.

"இருக்கறதுலயே இதுதாம்மா பெஸ்ட்," என்றார். முகப்பில் எட்டு விளக்குகள் வைத்த கறுப்புப் பெட்டி. "ஒரு தடவை லைனைப் பிடிச்சுதுன்னா உடும்புப்பிடிதான். மழை, இடி, லைன்ல கரகரப்பு, எது வந்தாலும் விடாது."

"நடுவுல வேற போன் வந்தா?"

"கண்டுக்கவே கண்டுக்காது."

"அப்ப எனக்கு வேண்டாங்க."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "வேண்டாமா?"

"போன் வந்தா உடனே விட்டுடணும். அந்த மாதிரி ஏதாவது இருந்தா காட்டுங்க."

ஒழுகுகிற குடம் இருந்தால் கொடுங்கள் என்று கேட்டவளைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. முழுக் கதையையும் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. மூன்று கடைகளில் சொல்லியாகிவிட்டது.

கதை இதுதான். அக்காவுக்கு இரண்டு சிறுநீரகங்களும் வேலை செய்வதில்லை. திங்கள், புதன், வெள்ளி காலைகளில் மருத்துவமனையில் நான்கு மணி நேரம் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் டயாலிசிஸ் இயந்திரத்தோடு படுத்திருக்கிறாள். அங்கேயே மாற்றுச் சிறுநீரகத்துக்கான பட்டியலில் பெயர் கொடுத்து இரண்டரை வருடம் ஆகிறது. எப்போது அழைப்பு வரும் என்று யாருக்கும் தெரியாது. பட்டியலைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ் முதல் நாளே சொல்லிவிட்டார்: "பத்து நிமிஷம் விட்டு ரெண்டு தடவை அடிப்போம். கிடைக்கலைன்னா அடுத்த ஆளுக்குப் போயிடுவோம். தப்பா நினைக்காதீங்கம்மா, எங்களுக்கு நேரம் கிடையாது." படிவத்தில் ஒரே ஒரு தொலைபேசி எண்ணுக்குத்தான் கட்டம் இருந்தது. எங்கள் தெரு மலைச்சரிவின் மறைவில் இருப்பதால் கைபேசிக்குச் சிக்னல் வராது. அதனால் வீட்டு எண்ணைத்தான் எழுதினோம்.

இரண்டாவது தொலைபேசி லைனுக்கு விண்ணப்பித்து எட்டு மாதம் ஆகிறது. அதற்கும் ஒரு பட்டியல் இருக்கிறது. "எது முதல்ல வருதுன்னு பாப்போம், கிட்னியா லைனா," என்பாள் அக்கா.

என் வேலை புத்தகங்களின் கடைசிப் பக்கங்களில் வரும் பொருளடைவைத் தயாரிப்பது. எந்தச் சொல் எந்தெந்தப் பக்கத்தில் வருகிறது என்ற பட்டியல். பொருளடைவை யாரும் படிப்பதில்லை, தேடுகிறார்கள், அவ்வளவுதான். அப்போது பாலங்களின் வரலாறு பற்றிய ஒரு தடித்த புத்தகம் கையில் இருந்தது. ஒவ்வொரு நாளும் மூன்று மணிக்கு வேறு ஊரிலிருந்து பதிப்பகத்தார் திருத்திய பக்கங்களைப் படங்களாக அனுப்புவார்கள். அவற்றை இறக்கி, பக்க எண்களைச் சரிசெய்து திருப்பி அனுப்ப வேண்டும். இறக்குவதற்கு மட்டும் நாற்பது நிமிடம் பிடிக்கும்.

அதுவரை சந்தைப் பக்கம் இருக்கும் இன்டர்நெட் கடைக்குப் பஸ்ஸில் போய்வந்துகொண்டிருந்தேன். போகப் பதினோரு நிறுத்தம், வரப் பதினோரு நிறுத்தம். ஒரு புதன்கிழமை என்னவோ தோன்றி அங்கிருந்து வீட்டுக்குப் போன் செய்தேன். முப்பது தடவை அடித்தது. யாரும் எடுக்கவில்லை. வீட்டுக்கு ஓடிப் போய்ப் பார்த்தால் அக்கா தொலைபேசியிலிருந்து பத்தடி தூரத்தில் தூங்கிக்கொண்டிருந்தாள். இயந்திரத்திலிருந்து வந்த நாட்களில் அவள் தூங்குவது தூக்கம் மாதிரி இருக்காது. கிணற்றுக்குள் போட்ட கல் மாதிரி இருக்கும்.

அன்றோடு பஸ் நின்றது. வேலையை வீட்டிலேயே செய்வது என்று முடிவானது. ஆனால் மோடம் வழியாக வரும் இன்டர்நெட்டும் தொலைபேசியும் ஒரே கம்பியில்தான் வந்தாக வேண்டும். நாற்பது நிமிடம் நான் அந்தக் கம்பியில் உட்கார்ந்திருக்கும்போது நர்ஸ் கூப்பிட்டால்?

இதற்கு வழி சொன்னவர் பென்குயின். வங்கி ஒன்றின் கம்ப்யூட்டர் அறையில் வேலை செய்பவர், எனக்குத் தெரிந்த ஒரே லினக்ஸ் ஆள். அவர் பையில் ஒட்டியிருந்த, லினக்ஸின் சின்னமான பறவைப் படத்தையும், இரண்டு பக்கமும் சாய்ந்து சாய்ந்து அவர் நடப்பதையும் பார்த்து அக்கா வைத்த பெயர். அவர் எதிரிலேயே அப்படித்தான் கூப்பிடுவாள்.

பதிப்பகம் எனக்குக் கொடுத்திருந்த மடிக்கணினியில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ்தான் இருந்தது. அதற்குள்ளேயே ஒரு மோடம் உண்டு. "அதை மறந்துடுங்க," என்றார் பென்குயின். "அது மோடமே இல்ல. வேலை எல்லாத்தையும் விண்டோஸ் தலையில கட்டிட்டு சம்பளம் மட்டும் வாங்கற ஆளு. லினக்ஸ்ல விண்டோஸ் கிடையாதா, அதுக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது. வெளில வைக்கற மோடம் வாங்குங்க. யுஎஸ்பி வேண்டாம், அதுலயும் பாதி இதே சோம்பேறி ஜாதிதான். தனி கரன்ட் அடாப்டர் இருக்கணும். பின்னாடி ஒன்பது முள்ளு சொருகற சீரியல் கேபிள் வரணும். உங்க மெஷின்ல அந்த ஓட்டை இருக்கு."

"போன் வந்தா எப்படித் தெரியும்?"

"கால் வெயிட்டிங் இருக்கில்ல? வேற போன் வந்தா லைன்ல டிக்குனு ஒரு சத்தம் வரும். அந்த ஒரு நொடி மோடமுக்குக் காது அடைச்சுடும். நல்ல மோடம் பொறுத்துக்கும். மட்டமான மோடம் பட்டுனு வச்சுடும். வச்ச உடனே உங்க போன் அடிக்க ஆரம்பிக்கும். உங்களுக்கு மட்டமானதுதான் வேணும். அறுந்துபோனாலும் பரவால்ல, விட்ட இடத்துலேர்ந்து இறக்கற மாதிரி நான் பண்ணித் தரேன்."

அப்படித்தான் நான் கடை கடையாகப் போய், இருப்பதிலேயே மட்டமானதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். முதல் கடைக்காரர் பளபளவென்று யுஎஸ்பி ஒன்றைக் காட்டினார். இரண்டாவது கடையில் வெளி மோடமே இல்லை. மூன்றாவது கடையில் சிரித்தார்கள்.

இந்த நான்காவது ஆள் சிரிக்கவில்லை. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு சற்று நேரம் யோசித்தார். பிறகு உள்ளே போய், பழுப்பேறிய சாம்பல் நிறப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். ஒரு மூலையில் விரிசல் இருந்தது.

"இதை ரெண்டு பேர் வாங்கிட்டுப் போய் ரெண்டு பேருமே திருப்பிக் குடுத்துட்டாங்க. போன் வந்தா கட்டாகுது, பக்கத்து வீட்டுல யாராவது தும்மினா கட்டாகுதுன்னு. வேகமும் கம்மி. நான் தூக்கிப் போடலாம்னு இருந்தேன்."

"சீரியல் கேபிள் இருக்கா?"

"கேபிள் நல்ல கேபிள்." அவருக்கு அதில் ஒரு சின்னப் பெருமை. "ஏம்மா, திருப்பிக் கொண்டுவர மாட்டியே?"

"நல்லா வேலை செஞ்சாதான் திருப்பிக் கொண்டுவருவேன்," என்றேன். அப்போதுதான் அவர் சிரித்தார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மதியம் பென்குயின் வந்து உட்கார்ந்தார். முன்னறையில் தொலைபேசி இருந்த சிறு மேஜையிலேயே மோடத்தையும் வைத்தோம். உள்ளறையில் படுத்திருந்த அக்கா கதவு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"லைன்ல சத்தம் அறுந்தா எவ்வளவு நேரம் பொறுத்துப் பாக்கறதுன்னு மோடமுக்குள்ள ஒரு நம்பர் இருக்கும்," என்று பென்குயின் எனக்கு விளக்கினார். "சாதாரணமா ஒன்றரை நொடி கிட்ட. அதைப் பத்துல ஒரு பங்காக் குறைக்கறேன். இருக்கற பொறுமையும் போயிடும்."

"அதுக்கு எதுக்கு நம்பரு?" என்றாள் அக்கா உள்ளிருந்து. "என் தங்கச்சி பக்கத்துல நாலு நாள் வச்சாப் போதுமே."

"அக்கா, நீங்க தூங்குங்க."

"தூங்கிக்கிட்டேதான் பேசறேன் பென்குயின்."

அவர் முகம் சிவந்தது. அவளுக்குத் தொந்தரவாக இருக்கக் கூடாது என்று மோடத்தின் ஒலிபெருக்கியை முழுவதுமாக அணைத்துவைத்தார். லைன் போட்டபோது விளக்குகள் மட்டும் சத்தமில்லாமல் சிமிட்டின. பிறகு தன் வீட்டுக்குப் போய் ஐந்து மணிக்கு எங்களை அழைத்தார். அந்த நேரம் நான் இன்டர்நெட்டில் இருந்தேன். விளக்குகள் அணைந்தன, தொலைபேசி அடித்தது.

"விட்டுடுச்சு!" என்று கத்தினேன்.

"முதல்ல எங்கேஜ்டா இருந்துது. தப்பா அழுத்திட்டேன்னு மறுபடி போட்டேன், கிடைச்சுடுச்சு," என்றார் அவர். இருவருக்கும் அந்த வாக்கியத்தில் ஒன்றும் உறைக்கவில்லை. எனக்கு அப்போது கண் எரிந்துகொண்டிருந்தது. வேலை முடிந்துவிட்டது என்று யாராவது சொன்னால் போதும் என்றிருந்தது.

திங்கள் மூன்று மணிக்குப் பக்கங்களை இறக்கினேன். செவ்வாயும் இறக்கினேன். லைன் தானாகவே இரண்டு மூன்று தடவை அறுந்தது, நானும் மறுபடி மறுபடி போட்டேன். அறுந்தபோதெல்லாம் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. வீட்டில் இருந்துகொண்டே தூண்களையும் வளைவுகளையும் பக்க எண்களோடு கோத்துக்கொண்டிருந்தேன். பஸ் இல்லை, ஓட்டம் இல்லை. செவ்வாய் சாயங்காலம் நாற்காலியிலேயே ஒரு மணி நேரம் தூங்கினேன்.

புதன்கிழமை இயந்திரத்திலிருந்து வந்த அக்காவுக்குக் காலில் தசை இழுத்துக்கொண்டது. அப்படி ஆகும் நாட்களில் தூக்கம் வராது. நான் மடிக்கணினியைத் திறந்ததும் உள்ளிருந்து குரல் வந்தது.

"அதோட வாயைக் கட்டி வச்சிருக்கியாடி? ஊமை மாதிரி இருக்கு. எப்ப லைன் போகுது, எப்ப வருதுன்னு எனக்குத் தெரிய வேண்டாமா?"

ஒலிபெருக்கியைத் திறந்துவிட்டேன். மோடம் எண்களை ஒவ்வொன்றாகக் கூவியது. ஒரு சின்ன இடைவெளி விட்டு மறுபடி கூவியது. பிறகு வழக்கமான ஊளையும் இரைச்சலும்.

"நெட் கம்பெனி நம்பர் எத்தனை இலக்கம்?" என்றாள் அக்கா.

"ஏழு."

"பத்து அடிச்சுதே."

"என்னக்கா?"

"முதல்ல மூணு. அப்புறம் நிறுத்தி, ஏழு." அக்கா பதினான்கு வருடம் ஓட்டல் ஒன்றில் சுவிட்ச்போர்டு ஆபரேட்டராக இருந்தவள். எண்களின் ஒலி அவள் காதுக்கு ஆட்களின் முகம் மாதிரி. "முதல் சத்தம் நட்சத்திரக் குறி. இரு, மறுபடி போடு." மறுபடி போட்டேன். அவள் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "ஏய், அது கால் வெயிட்டிங்கை நிறுத்தற கோடு நம்பர். பேசிட்டு இருக்கும்போது தொந்தரவு வேண்டாம்னு கெஸ்ட் கேட்டா நாங்க அதைத்தான் போட்டுக் குடுப்போம்."

பென்குயினின் அலுவலகத்துக்கு அழைத்தேன். விஷயத்தைச் சொன்னேன். "ஐயோ," என்றார் அவர். "நான் எல்லாருக்கும் அதைப் போட்டுத்தான் குடுப்பேன். நடுவுல போன் வந்து அறுந்துடக் கூடாதுன்னு. கை தானாப் போட்டிருக்கு. உங்களுக்கு அதுக்கு நேர் எதிரா வேணும்னு தெரிஞ்சும்... ஞாயித்துக்கிழமை நான் முதல்ல அடிச்சப்ப எங்கேஜ்டு வந்துதே, அது இதுதான். அப்புறம் மோடம் தானா அறுந்திருக்கு, நான் ரெண்டாவது தடவை அடிச்சதும் கிடைச்சிருக்கு."

மடிக்கணினியில் பதிந்திருந்த எண்ணிலிருந்து அந்த மூன்று குறிகளை அழித்தேன். அவர் அலுவலகத்திலிருந்து பத்து முறை அழைத்தார். ஒவ்வொரு முறையும் நான் லைன் போட்டுக் காத்திருந்தேன். ஒன்பது தடவை மோடம் உடனே கைவிட்டது, தொலைபேசி அடித்தது. ஒரே ஒரு தடவை மட்டும் அசையாமல் நின்றது. ஏன் என்று அவருக்கும் தெரியவில்லை.

"பத்துல ஒன்பதுதான்க்கா," என்றேன்.

"உன் பஸ்ல அதுகூட இல்லையே," என்றாள் அக்கா. "அப்படியே ஒரு தடவை விட்டுப்போனாலும் பத்து நிமிஷம் கழிச்சு மறுபடி அடிப்பாங்க இல்ல? வச்சுக்கோ. எனக்குப் போதும்."

அதோடு விஷயம் முடிந்ததாக இருவரும் நடந்துகொண்டோம். நான் போய்த் தேநீர் போட்டேன். மருத்துவர் அளந்து கொடுத்திருக்கும் அரை டம்ளரை அக்கா ஒவ்வொரு வாயாக வைத்துக் குடித்தாள். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. திங்கள் நாற்பது நிமிடம், செவ்வாய் நாற்பது நிமிடம். அந்த நேரத்தில் உலகத்தில் யார் கூப்பிட்டிருந்தாலும் எங்கள் வீடு எங்கேஜ்டு.

இரண்டரை வருடத்தில் ஒருமுறைகூட வராத அழைப்பு அந்த எண்பது நிமிடத்திலா வந்திருக்கப் போகிறது? இப்படித்தான் நான் எனக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்டால் தெரிந்துவிடும். தெரிந்து என்ன செய்வது? அந்தச் சிறுநீரகம் இன்னொருவர் உடம்புக்குள் இருக்கும்.

"கேட்டுடலாமா?" என்றேன் கடைசியில்.

"கேக்காத."

"சரி."

டம்ளரைக் கீழே வைத்தாள். "போனை இங்க கொண்டா. நானே கேக்கறேன்."

நீளக் கம்பியோடு தொலைபேசியைக் கட்டிலுக்குக் கொண்டுபோனேன். எண்ணை அவளே அழுத்தினாள். ரிசீவரைச் சற்றுத் தள்ளிப் பிடித்தாள், எனக்கும் கேட்கட்டும் என்று. நான் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து தலையைச் சாய்த்துக்கொண்டேன். அவள் கை சில்லென்றிருந்தது.

நர்ஸ் எங்கோ காகிதங்களைப் புரட்டினார். "இருங்கம்மா, பாக்கறேன். ஆமா, செவ்வாய்க்கிழமை அடிச்சிருக்கோம். மூணே காலுக்கு ஒரு தடவை, மூணு இருபத்தஞ்சுக்கு ஒரு தடவை. ரெண்டும் எங்கேஜ்டுன்னு எழுதியிருக்கு. யாரும்மா உங்க வீட்ல அவ்வளவு நேரம் பேசறது?"

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஹலோ? இருக்கீங்களா? பயப்படாதீங்க, உங்களை ரெண்டாவது ஆளாத்தான் கூப்பிட்டோம். முதல் ஆளுக்கு ஒத்துக்கலைன்னா வேணும்னு, வந்து தயாரா இருக்கச் சொல்ல. ஆனா அவருக்கே பொருந்திடுச்சு. ஆபரேஷன் முடிஞ்சுது, நல்லா இருக்கார். உங்களுக்கு ஒண்ணும் நஷ்டமில்ல. இனிமே லைனை ஃப்ரீயா வச்சுக்கோங்க."

"சரிங்க சிஸ்டர்," என்றாள் அக்கா. "வச்சுக்கறோம்."

ரிசீவரை அவள் வைத்த பிறகும் நான் அதே இடத்தில் தலையைச் சாய்த்தபடி இருந்தேன்.

"போயிருந்தா என்ன ஆகியிருக்கும்?" என்றாள் அவள், யாரோ இன்னொருத்தியிடம் கணக்குக் கேட்பதுபோல. "டாக்ஸி பிடிச்சு ஓடி, அந்தப் பச்சை கவுனை மாட்டிக்கிட்டு, தண்ணிகூடக் குடிக்காம ராத்திரி வரைக்கும் உக்காந்து, சரி போயிட்டு வாங்கன்னு சொல்லியிருப்பாங்க. நல்லவேளை."

"அக்கா..."

"பென்குயின்கிட்ட இதைச் சொல்லாத. அது தாங்காது."

நான் தலையாட்டினேன்.

அவள் போர்வையின் ஓரத்தை விரலில் சுற்றினாள், பிரித்தாள், மறுபடி சுற்றினாள். "கூப்பிட்டாங்கடி," என்றாள்.

"ஆமாக்கா."

"நான் என்ன நினைச்சிட்டிருந்தேன் தெரியுமா? ஒரு வருஷமா. அந்தப் படிவம் எங்கயோ மேஜைக்கடியில விழுந்துபோச்சு, பெருக்கறவங்க எடுத்துக் குப்பையில போட்டாங்க, யாரும் கவனிக்கலைன்னு நினைச்சிட்டிருந்தேன். உன்கிட்டச் சொல்லல. நீ வேற அங்கயும் இங்கயும் ஓடிட்டிருக்க, எதுக்குன்னு. ஒவ்வொரு தடவை உன்னைப் பஸ்ஸுக்கு அனுப்பும்போதும், போடி, யாரும் கூப்பிடப் போறதில்லன்னு மனசுக்குள்ள சொல்லுவேன்." நிறுத்தி மூச்சு வாங்கினாள். "ரெண்டாவது ஆளாம் நான். இத்தனை பேர்ல ரெண்டாவது."

என்னால் முடியவில்லை. அவள் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

"மூக்கை என் போர்வையில தொடைக்காத," என்றாள். ஆனால் தலையிலிருந்து கையை எடுக்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அக்காவே கேட்டாள்: "பக்கமெல்லாம் இறக்கிட்டியா?"

"இல்ல. நேரமாயிடுச்சு. அங்க அச்சுக் கோக்கறவர் கத்திக்கிட்டு இருப்பார்."

"அப்ப என் கட்டிலை அந்த அறைக்குத் தள்ளு. போன்கிட்ட."

"இப்பவா? கால் வலிக்குதுன்னியே."

"கட்டிலுக்கா கால் வலிக்குது?"

அவள் எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் மெத்தையை மடித்து வைத்துவிட்டுக் கட்டிலை இழுத்தேன். அது வாசற்படியில் சிக்கிக்கொண்டது. இரண்டு தடவை நிறுத்தி மூச்சு வாங்கினேன். வேண்டாம் என்று சொல்லியும் அவள் கால்மாட்டின் ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கினாள். முன்னறையில் மேஜைக்கும் சன்னலுக்கும் நடுவே கட்டில் நுழைந்ததும், எனக்கு மடிக்கணினியை வைத்துக்கொள்ள இடமில்லாமல் போயிற்று. அவள் கால் பக்கம் ஓரமாக உட்கார்ந்து, மடியிலேயே வைத்துக்கொண்டேன்.

"போடட்டுமா?"

"போடு. நான் முழிச்சிட்டுத்தான் இருக்கேன்."

மோடம் எண்களைக் கூவி, ஊளையிட்டு, இரைந்து, கடைசியில் அமைதியாயிற்று. திரும்பிப் பார்த்தபோது அக்கா தூங்கிப்போயிருந்தாள். வாய் சற்றுத் திறந்திருந்தது. முதல் பக்கம் மேலிருந்து கீழாக, வரி வரியாக இறங்கத் தொடங்கியது. பக்கத்தில் நெட்டுவாக்கில் திருப்பி வைத்த தொங்குபாலம் ஒன்றின் படம். நான் ஒரு கையைத் தொலைபேசி மேல் வைத்தபடி, அது மறுகரை வரை வந்து முடிவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.